கடைச் சுவரில் என் சான்றிதழ்

மார்ச் 4
நாளை மருந்துக்கடைக்கு ஆய்வாளர் வருகிறார். வெள்ளைக் கோட்டைத் தேய்த்து வைத்தேன். மருந்தாளுநர் உரிமம் என் பெயரில். பதினைந்து வருடமாகக் கடையில் நிற்பது என் வீட்டுக்காரர். உரிமம் உள்ள ஆளைச் சம்பளத்துக்கு வைத்தால் கடை தாங்காது. கட்டிக்கொண்டது என்னையா, சான்றிதழையா என்று இன்னும் கேலி செய்வேன். நான் போவது வேறு வேலைக்கு. வருடத்தில் ஒரு நாள்தான் கடைக்காரி.

மார்ச் 5
ஆய்வாளர் போகும்வரை இவர் வெளியே வாடிக்கையாளர் மாதிரி நின்றார். ஆட்டோக்காரர் ஒருவர் தன் பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்குச் சீட்டு நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். ஆய்வாளருக்கு முழுத் திருப்தி.

மார்ச் 8
குழந்தை செத்துவிட்டது.

சீட்டில் இருந்தது சிரப். நான் கொடுத்தது சொட்டு மருந்து. அதே பெயர், அதே அட்டை, நாலு மடங்கு வீரியம். வேளைக்கு ஐந்து மில்லி, மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள் — சொட்டா சிரப்பா என்றுகூடப் பார்க்காமல் என்னத்தைப் படித்துக் கிழித்தேன்?

நான் கடைக்கு ஓடியபோது பதினைந்து பேர் உள்ளே. அலமாரிக் கண்ணாடியெல்லாம் தூள். குழந்தையின் அப்பன், "எவன்டா குடுத்தது?" என்றான். நான் வாயெடுப்பதற்குள் இவர், "நான்தான்," என்றார். தலைமுடியைப் பிடித்துக் கல்லாவில் மோதினார்கள். வலது கையை வாசற்படியில் அழுத்தி, அதன்மேல் ஷட்டரை இழுத்து இறக்கினார்கள். இரண்டு முறை. எலும்பு நொறுங்கியது என் காதில் விழுந்தது.

மார்ச் 9
மருத்துவமனைக் கட்டிலோடு இவருக்கு விலங்கு. உரிமமில்லாமல் மருந்து கொடுத்துக் கொன்றதாக வழக்கு.

"நான் போய்ச் சொல்லிடுறேன்," என்றேன்.

"பைத்தியமா உனக்கு? உன் லைசென்ஸ் போனா கடையே போச்சு. பிள்ளைங்களோட தெருவுலதான் நிக்கணும். நான் உள்ள போனா ரெண்டு வருஷம். வாய மூடிட்டு இரு."

மூடிக்கொண்டேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 2
இவருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 24
போன வாரம் நீதிமன்ற வாசலில் அந்த அப்பன் இவர் முகத்தில் காறித் துப்பினான். பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினான். "உங்கள மாதிரி படிச்சவங்க அன்னைக்குக் கடையில நின்னிருந்தா என் புள்ள பொழச்சிருக்கும்மா."

"நான்தாங்க நின்னேன். மருந்து எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

கையிலிருந்த ஹெல்மெட்டால் அடித்தான். முதல் அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மே 9
தாடைக்குக் கம்பி. பேச முடியாது. போலீஸ் கேட்டதற்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அடித்தவர்மேல் புகார் இல்லை என்றும் எழுதினேன். உரிமம் ரத்து என்று மருந்தாளுநர் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கடையைக் காலி செய்தாயிற்று.

இவர் ஜாமீனில் வந்தார். "கெடுத்துட்டியேடி," என்றார். அப்புறம் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துப் பால் ஊட்ட ஆரம்பித்தார். பாதி என் கழுத்தில் வழிந்தது.