எஞ்சின் ஏறும் வரை

பூனாகலை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் யசோதினிக்கு, அம்மா எழுதுவது. முருகன் துணையால் அப்பாவும் நானும் இங்கே சுகம். கூரைத் தகரம் ஒழுகுவதும் அப்பாவின் இருமலும் எப்போதும் உள்ளவைதான், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீயும் உன்னோடு இருப்பவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உன்னோடு இருப்பவர் என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்த வவுனியாப் பையனின் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை, எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் பேச வழியில்லை மகள். அந்தப் போனை வாங்கித் தந்ததும் அதில் வட்ஸ்அப் போட்டுத் தந்ததும் ஜீவன், எனக்குக் கூப்பிட்டால் எடுக்க மட்டும்தான் தெரியும், வட்ஸ்அப்பைத் திறக்கவும் தெரியாது மூடவும் தெரியாது, நீ அனுப்புகிற ஒவ்வொன்றையும் அவன்தான் கராஜ் வேலை முடிந்து வந்து திறந்து எங்களுக்குக் காட்டுகிறான். நீ கூப்பிட்டுக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொன்ன அன்று நல்ல வேளையாக நான் பீலியடியில் தனியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றேன். குடம் நிரம்பி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அதனால்தான் லீவு முடிந்து நாளைக்குச் சைப்ரஸ் திரும்புகிற ஸுபைராவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜீவனிடம் சொல்லிவிட்டீர்களா, அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று எப்போது கூப்பிட்டாலும் நீ கேட்கிறாய், நானும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று வெட்டிவிடுகிறேன். சொல்லவில்லை. இரண்டு பேரிடமும் சொல்லவில்லை, இப்போதைக்குச் சொல்லப்போவதும் இல்லை. ஏன் என்று கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படு.

நம் கார் நின்றுவிட்டது. லொறி ஓட்டி ரிட்டையரான காசில் அப்பா வாங்கிய அந்தப் பழைய காலத்து ஸ்ரீ நம்பர் கார் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கும் என்று உனக்குத் தெரியும், நீயே சைப்ரஸ் போக அதில்தான் ஏறினாய். போன மாதம் கீழ் லயத்து வரிசை வீட்டுக் கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது ஏற்றத்தில் புகையாகக் கக்கிவிட்டு நின்றது. பெண் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனாள், மாப்பிள்ளை வீட்டார் பின்னால் நின்று தள்ளினார்கள், அப்பா பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாராம். அன்றோடு ஹயருக்குக் கூப்பிட ஒரு ஈ காக்கையும் வருவதில்லை. ஜீவன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் முடிஞ்சிருச்சு மாமா, ரிங்கு மாத்தியும் பிரயோசனம் இல்ல, வேற எஞ்சின்தான் போடணும்" என்றான். அப்பா சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். கார் இருந்தால் அவர் வீரசிங்கம் டிரைவர், கார் இல்லாவிட்டால் லயத்து வாசலில் வெயில் காய்கிற இன்னொரு கிழவர். இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

பண்டாரவளையில் பழைய வாகனம் வாங்கி விற்கிற ஸஹாப்தீன் நானாவை நான்தான் அப்பா இல்லாத நேரம் பார்த்து வரச் சொன்னேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார். கொழும்பில் பெரிய ஆட்களுக்கு இந்தப் பழைய கார்களில் ஒரு பைத்தியம் இருக்கிறதாம். "ஓடுற வண்டி எண்டா இண்டைக்கே எடுப்பேன் தங்கச்சி, இப்படியே தந்தா இரும்பு விலைதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பாவுக்குத் திருத்தி ஓட்ட வேண்டும், சாகும் வரை ஓட்ட வேண்டும். உனக்கு, அதை யாருக்காவது கொடுத்துத் தொலையுங்கள் என்று அங்கிருந்து சொல்வது சுலபம். நான் இரண்டும் இல்லாமல் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். திருத்த வேண்டும், திருத்திய கையோடு விற்க வேண்டும். ஹாலிஎலவில் ரோட்டோரமாக ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறேன், பாதிதான் கட்டியிருக்கிறது, ஆனால் பக்கத்துக் காம்பராவில் யார் இருமினாலும் நமக்குக் கேட்காது. அந்த வீட்டுக்காரர் நமக்காக எவ்வளவு காலம் காத்திருப்பார்?

உனக்கு நம் காம்பராவின் பின்சுவர் ஞாபகம் இருக்கும். அதில் இப்போது என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மழை பிடித்தால் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று மண்சரிவு பார்க்க வந்தவர்கள் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள், மழை விட்டால் திரும்பி வருகிறோம், மறுபடி பிடித்தால் மறுபடி பாயைச் சுருட்டுகிறோம். இந்த மலை என்றைக்கு வந்து எங்கள் மேல் உட்காரும் என்று பார்த்துக்கொண்டே உலை வைக்கிறேன். காலம் பூராவும் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன ஊராரின் பிள்ளைகளைத் தூங்கவைத்தவள் நான், எனக்கென்று நிம்மதியாகத் தூங்க ஒரு கூரை வேண்டும் என்று கேட்பது பேராசை என்றால் நான் பேராசைக்காரிதான். உன்னிடம் கேட்கலாம் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு நீ அனுப்புவதும் மெலிந்துவிட்டது. குறை சொல்லவில்லை, புதுக் குடும்பம், செலவு இருக்கும்.

ஆகவே ஜீவன்தான் வழி. அவன் கூலி கேட்க மாட்டான், இத்தனை வருஷமாக ஒரு தடவையும் கேட்டதில்லை. கார் நிற்கும்போதெல்லாம் நான் அவன் கராஜுக்குப் போவேன், யசோ உன்னை விசாரித்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லுவேன், அவன் கையில் உள்ள மற்ற வண்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவான். நீ அப்பாவுக்கு அனுப்பிய நீலக் கோடு போட்ட சட்டையைக்கூட, உனக்கென்று யசோ தேடி வாங்கி அனுப்பினாள் என்று அவனுக்குத்தான் கொடுத்தேன். அதைத் திருவிழாவுக்கு மட்டும் போடுகிறான். அப்பா இன்றைக்கும் தபாலில் தொலைந்த சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நீ உடனே பாவம் என்பாய். இதில் உனக்குப் பங்கில்லையா? நீ போவதற்கு முன் அவன் அக்கா வந்து உன்னைப் பெண் கேட்டபோது, திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று நான் சொன்னேன், நீ கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் இருந்தது. அவன் அந்தக் குனிந்த தலையைத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

அதே அக்கா இரண்டு கிழமைக்கு முன் மறுபடி வந்தாள். கொஸ்லந்தையில் ஒரு டீச்சர் பெண் வந்திருக்கிறதாம், நல்ல இடமாம், இவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க அத்தை, நான் அவன் கால்ல விழுந்தாவது கட்டிவெச்சிடுறேன், தலை நரைக்க ஆரம்பிச்சிருச்சு அவனுக்கு" என்று அழுதாள். எஞ்சின் அப்போது கிடைத்தபாடில்லை. நான் என்ன செய்ய? அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, யசோ வருகிற வருஷம் வந்துவிடுவாள், நீ வீணாக அந்தப் பெண் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே என்று சொன்னேன். அவள் சந்தோஷமாகப் போனாள். அந்த டீச்சர் பெண்ணுக்கு இப்போது ஹப்புத்தளையில் வேறு இடம் முடிந்துவிட்டது என்று கேள்வி.

எஞ்சின் எங்கே கிடைத்தது என்று கேட்டால் நீ நம்ப மாட்டாய். நம் காரைப் போலவே ஒன்றை ஜீவன் எங்கோ உடைசலாக வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஒக்கிட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று உன்னை அதில் ஏற்றி வர வேண்டும் என்று அவனுக்கு ஆசையாம். தேடித் தேடி எங்கும் எஞ்சின் கிடைக்காமல், தன் காரின் எஞ்சினையே நம் காருக்குக் கழற்றிவிட்டான். "நம்ம கார் எங்க போகப்போகுது அத்தை, மொதல்ல மாமா எந்திரிச்சு உக்காரட்டும்" என்றான். அவனுடைய கார் இப்போது கராஜின் பின்னால் செங்கல் மேல் நிற்கிறது, பொனட்டுக்குள்ளே ஒன்றுமில்லை. அதற்குப் பச்சைச் சாயம் எடுத்து வைத்திருக்கிறான், யசோவுக்குப் பச்சை பிடிக்கும்தானே என்று என்னிடம் கேட்டான். உனக்குப் பச்சை பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பிடிக்கும் என்றேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் இறங்கியது.

அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலையிலேயே நம் காரை இழுத்துப்போய் விட்டிருக்கிற கராஜுக்குப் போய் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஜீவன் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார். இவரிடம் உன் கல்யாணத்தைச் சொன்னால் ஐந்து நிமிஷம் மறைத்து வைப்பாரா? அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு எஞ்சினையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்பா வாயால் ஒரு வாழ்த்துக் கேட்க வேண்டும் என்கிறாய். கேட்கலாம், கார் ஸஹாப்தீன் நானா கைக்குப் போன பிறகு கேட்கலாம். விற்கப்போவதும் அவருக்குத் தெரியாது, காரின் சாவியை அவர் தலைமாட்டிலிருந்து எடுப்பது என் பொறுப்பு. கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார், புது வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும். ஜீவனிடம் நீ மனம் மாறிவிட்டாய் என்று சொல்லுவேன். எனக்கே இன்றுதான் தெரியும் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுவேன். பழி உன் மேல் வரும், வரட்டும், நீ கடல் தாண்டி இருக்கிறாய், நான்தான் இங்கே மனுஷர் முகத்தில் விழிக்க வேண்டியவள்.

நீ தலை முழுகாமல் இருக்கிறாய் என்று ஸுபைரா சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, உண்மை. பீலியடியில் போய் நின்று யாருக்கும் தெரியாமல் அழுதேன். காலையில் வாந்தி வந்தால் இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி, வெறும் வயிற்றில் தேநீர் வேண்டாம். நீ வேலை செய்கிற வீட்டுக் கிழவியைத் தூக்கி உட்காரவைக்கிற வேலையை வேறு யாரையாவது செய்யச் சொல். கொத்தமல்லி, மிளகு, பிரசவத்துக்கு வேண்டிய சரக்குப் பொடி எல்லாம் ஸுபைராவிடம் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வாங்கிக்கொள். ஆனால் பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. இந்த நிலைமையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நீ பூனாகலையில் வந்து இறங்கினால் எல்லாம் மண்ணாகப் போகும். அங்கேயே ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள். எல்லாப் பெண்களும் தாய் பக்கத்தில் இருந்தா பெறுகிறார்கள்?

வருகிற வெள்ளிக்கிழமை எஞ்சினை ஏற்றி முதல் தடவையாக ஸ்டார்ட் பண்ணப்போகிறான். "மொத சத்தம் யசோதான் கேக்கணும் அத்தை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அதற்காக உன்னை வீடியோவில் கூப்பிடுவான், அப்பாவும் நானும் பக்கத்தில் இருப்போம். எடுக்காமல் விட்டுவிடாதே, எடுக்காவிட்டால் அவனுக்குக் கை ஓடாது, கடைசி வேலை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சிரித்த முகமாகப் பேசு. போன தடவை வாய் தவறி ஜீவன் அண்ணன் என்று சொல்லிவிட்டாய், அவன் முகம் செத்துப்போனதை நீ பார்க்கவில்லை, வெளிநாட்டில் எல்லோரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டாள் என்று நான்தான் ஒப்பேற்றினேன். சத்தம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதிலேயே ஒரு மாதம் ஓட்டுவான்.

நீயும் உன் புருஷனும் பதினாறும் பெற்று, நீ தீர்க்க சுமங்கலியாக, உன் வயிற்றில் இருப்பது சுகமாகப் பிறந்து, பேரும் சீருமாக வாழ வேண்டும் என்று இந்த அம்மா மனமார வாழ்த்துகிறேன். வாசித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

ஒன்றை மறந்துவிடாதே. போன தடவை பேசும்போது உன் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. அப்பா கவனிக்கவில்லை, ஜீவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான், கோயில் கயிறு என்று சொல்லிவைத்தேன். சட்டையை மேலே இழுத்துவிட்டால் மறைந்துவிடும் என்று இருந்துவிடாதே. வெள்ளிக்கிழமை அவன் கூப்பிடும் முன்னே தாலியைக் கழற்றிச் சாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வந்து பேசு. பேசி முடித்ததும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது.

உன் நன்மையைத் தவிர வேறு நினைப்பில்லாத அம்மா,
வீ. இராக்கம்மா