வெறுமையாய் விட்ட வலப்பக்கம்

அன்றைக்கு வரவேற்பறையில் இருந்தவர்கள்: நான், மகள், கீழ்வீட்டு யேர்மன் மனுசி, சுவரில் மாலையோடு நீங்கள். மகன் தொலைக்காட்சிக்குள் இருந்தான், அமெரிக்காவில், தலைக்கவசமும் தோள்கட்டும் போட்டுக்கொண்டு. அவனுடைய கல்லூரியின் அமெரிக்கன் புட்போல் அணிக்குப் பருவம் முடிந்தபின் கிடைத்த பெரிய ஆட்டம். அங்கே நண்பகல். இங்கே நான் சாமிவிளக்கு ஏற்றும் நேரம். என் மடியில் நீலக் கொப்பி, கையில் பேனை. உங்கள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை.

இஞ்சருங்கோ, அந்தக் கொப்பி இன்று காலை சாமித்தட்டைத் துடைக்கும்போது மறுபடி கையில் வந்தது. மட்டையில் நீங்கள் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டக் கறை அப்படியே இருக்கிறது. முகர்ந்தேன். கற்பூரமும், நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலமும் மணத்தன. வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பதினாறு வயதில் இங்கே யேர்மனியில் ஒரு சின்னக் கழகத்தில் அவன் இதைத் தொடங்கியபோது, வேலிக்கு வெளியே குளிரில் நின்று நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா?

"பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள், பேர் மட்டும் புட்போல். இது சந்தியில நடக்கிற அடிபாடப்பா. நடுவர் வைச்சு அடிபடுறாங்கள்."

அன்று அவன் மூக்கு உடைந்து வந்தான். சட்டையின் முன்பக்கம் முழுதும் இரத்தம். நான் அழவில்லை. விதிப்புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் அகராதியை வைத்து, நானாகவே படித்து முடித்தேன். பந்து கொண்டு வருகிறவனை மோதி விழுத்துவதே எங்கள் பிள்ளையின் வேலை என்று விளங்கிய நாளில் இந்தக் கொப்பியைத் திறந்தேன். தலையில் வாங்கியது, விலாவில் வாங்கியது, முழங்காலில் வாங்கியது, எல்லாம் திகதி போட்டு, கோடடித்து. நீங்கள் பார்த்துச் சொல்லுவீர்கள், நான் இடப்பக்கத்தில் எழுதுவேன்.

"வலப்பக்கம் ஏன் வெறுமையாக் கிடக்குது?"

"அதில என்னத்தை எழுத?"

"அவன் குடுக்கிறதை எழுதுமன். கணக்கெண்டா ரெண்டு பக்கமும் வேணும்."

"அதை அந்தத் தாய்மார் எழுதட்டும்" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும்தான்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் பல்கனிச் சிமெந்தில் ஒரு தேங்காய் அடிப்பேன். "அம்மாளாச்சி, எங்கட பிள்ளையின்ர தலைக்குப் பதிலா இந்தத் தலை." மூன்றாம் தேங்காய்ச் சத்தத்தோடு கீழ்வீட்டு மனுசி வீட்டு ஒழுங்குவிதித் தாளைக் கொண்டு மேலே வந்தா. நீங்கள் உங்கள் உடைந்த யேர்மனில், "இது பொடியன்ர மண்டைக்குக் காப்புறுதி" என்று விளக்கினீர்கள். அவ தாளைப் பார்த்தா, தேங்காயைப் பார்த்தா. அடுத்த ஆட்டத்துக்குக் கேக் சுட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டா.

அவனுக்கு அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் இங்கே ஊன்ட்றொப் ஊர்க் கோயில் அம்மனுக்கு நீங்கள் தூக்குக்காவடி எடுத்தீர்கள். முதுகிலும் தொடையிலும் கொழுக்கிகள். தோல் கூடாரத் துணி மாதிரி இழுபட, கால்வாய்ப் பக்கம் உங்களைத் தொங்கவிட்ட வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கியபோது ஒரு கொழுக்கி சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. இரத்தம் வேட்டியை நனைத்து வீதியில் சொட்டியது. கீழே இறக்கித் திருநீறு அப்பும்போது நான் கேட்டேன்: "வேற ஏதும் நேர்த்தி வைச்சிருக்கலாமே?"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "நேர்த்தியெண்டா தன்ர உடம்பிலதான் வைக்கவேணும். மற்றவன்ர உடம்பில வைக்கேலாது."

அப்போது எனக்கு அது வலியில் வந்த கதையாகத்தான் பட்டது.

இந்த ஆட்டத்தில் கடைசி நிமிடங்கள். நாலு புள்ளிதான் வித்தியாசம். எதிரணிப் பிள்ளையொருவன் உயர எறிந்த பந்தைப் பிடிக்கத் துள்ளினான். இரண்டு கையும் மேலே, நெஞ்சும் கழுத்தும் திறந்தபடி. எங்கள் பிள்ளை எங்கிருந்தோ ஓடிவந்து முழு உடம்போடு அவன்மேல் பாய்ந்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பல்கனியில் நான் எத்தனையோ தரம் கேட்ட சத்தம். அந்தப் பிள்ளை மல்லாக்க விழுந்தான். கைகள் இரண்டும் விறைத்து ஆகாயத்தைப் பார்த்து நின்றன, இறங்கவே இல்லை. தலைக்கவசமும் வாய்க்காப்பும் தெறித்துத் தனித்தனியே கிடந்தன. மூக்கால் இரத்தம் வழிந்து காதுக்குள் போனது.

எங்கள் பிள்ளை நெஞ்சில் அடித்துக் கத்திக்கொண்டு துள்ளினான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

"மைன் கொட்" என்று தன் கடவுளைக் கூப்பிட்டுக் கீழ்வீட்டு மனுசி கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டா. மகள் முகத்தைப் பொத்தினாள். தொலைக்காட்சிக்காரர் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், மெதுவாக, இன்னும் மெதுவாக. அரங்கம் ஒவ்வொரு தரமும் ஆர்ப்பரித்தது. எங்கள் அணி வென்றது. நான் கொப்பியைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை. அம்மன் நான் கேட்டதைத் தந்திருந்தாள். எங்கள் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எதிரே நின்ற பிள்ளைக்காக நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லையே.

மூன்றாம் நாள் அவன் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா, தொழில்முறை அணிகள் கேக்கினம். அந்த அடியைப் பாத்திட்டுத்தான் கேக்கினம். கடைசி வருசப் படிப்பை விட்டிட்டு இப்பவே போகலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் குடுக்கவேணும்."

"அந்தப் பிள்ளை?"

"கழுத்தெலும்பு முறிஞ்சிட்டுது. கால் இன்னும் அசையேல்லை. ஆனா விதிப்படி சரியான அடியம்மா. நடுவரே ஒண்டும் சொல்லேல்லை."

"விதி எனக்கும் தெரியும். தாய் அங்க இருக்கிறாவோ?"

"ஓம்."

"முதல் அவவிட்டைப் போ. பிறகு என்னட்டைக் கேள்."

"அப்பா என்னை மறிக்கவேண்டாமெண்டெல்லோ சொன்னவர்?"

"போகச் சொன்னனான்" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் எடுத்தான். குரல் ஒரு பக்கமாக வந்தது.

"போனன். அவ என்னைக் கண்டா. எழும்பிவந்து முகத்தில அறைஞ்சா. ரெண்டு தரம். சொண்டு வெடிச்சிட்டுது. நான் விலகேல்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில போட்டா. இருந்தன், அம்மா. பின்னேரம் வரைக்கும் இருந்தன். அவன்ர கால் பெருவிரலையே பாத்துக்கொண்டு."

கொப்பியை எடுத்து மடியில் விரித்தேன்.

"ரெண்டு அடி. எழுதுங்கோ அம்மா."

எழுதினேன். இடப்பக்கத்தில், தலைக்கவசமில்லாமல் வாங்கிய அடி இரண்டு என்று. பிறகு, ஆறு வருடத்தில் முதல் தரம், வலப்பக்கத்தில் பேனையை வைத்தேன். அந்தப் பிள்ளையின் பெயரை மகனிடம் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினேன். பக்கத்தில், கழுத்து. மிச்சப் பக்கங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. இத்தனை வருடமும் அவன் விழுத்திய பிள்ளைகளை எங்கே தேடி எழுத? இப்போது விளக்கேற்றும்போது இரண்டு பெயர் சொல்லுகிறேன். தேங்காய் அடிக்கக் கை வருகுதில்லை.

நீங்கள் இரண்டு சொல்லை என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு, என் கையைப் பிடித்து, "அவனை மறிக்காதேயும்" என்றது ஒன்று. ஓம் என்று தலையாட்டினேன். நேர்த்தியை மற்றவன் உடம்பில் வைக்கக்கூடாது என்று ஊன்ட்றொப் வீதியில் இரத்தம் வடிய வடியச் சொன்னது மற்றது. இரண்டையும் நான்தான் சுமக்கிறேன். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடைகிறது.

இன்று செவ்வாய். வெள்ளி காலை அவன் தொலைபேசி எடுப்பான். நான் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விடுகிறீர்களோ, இல்லையோ? கனவில் வந்தென்றாலும் சொல்லுங்கோ. வெள்ளிக்கு முதல் பதில் வேணும்.