சுமையை இறக்கும் நாள்

அன்பு மகள் ரின்புயிக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனாலும் எழுத்துகள் கோட்டை மதிக்காமல் மழைக்கு ஓடும் கோழிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகின்றன, எழுபத்தொரு வயது வரை மண்வெட்டி பிடித்த விரல் பேனாவையும் அதே பலத்தோடு அழுத்துவதால் இரண்டு இடத்தில் தாள் கிழிந்தும் இருக்கிறது. சிரித்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை வாசி. கடவுளின் இரக்கத்தால் நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை ஸுவாலாவும் உன் வயிற்றிலுள்ள பிள்ளையும் மலேசியாவில் அதே சுகத்தோடு இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்கே மழை விட்டுவிட்டது, கடுகுக் கீரை நன்றாக வந்திருக்கிறது, பெரிய பன்றி ஏழு குட்டி போட்டது, ஒன்றின் மேல் படுத்து நசுக்கிவிட்டது, ஆறு இருக்கின்றன. கோயில் கூரைக்குப் புதுத் தகரம் வந்தாயிற்று. நான் எழுதப் படிக்கக் கற்றதுதான் ஊரில் பெரிய செய்தி. கோயில் கூடத்தில் தன்ஸாமி டீச்சர் நடத்தும் வகுப்பில் நானும் மூன்று கிழவிகளும் மாணவர்கள். கிழவிகள் என்னை விட வேகம், அதை நாளுக்கு நான்கு தடவை எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். ஆனால் கடைப் பலகையில் ‘உப்பு’ என்று எழுதியிருந்ததை நானாக வாசித்த அன்று சந்தையில் நின்று உரக்கச் சிரித்துவிட்டேன், கடைக்காரர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஸுவாலா போனில் பேசினார். நீ ஹோட்டல் சமையலறையில் மயங்கி விழுந்ததையும், பிள்ளை பிறக்கும்வரை எட்டு வாரம் படுத்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாயாம், ஆனால் பாடகர் குழுவை விடமாட்டேன் என்கிறாயாம். ஞாயிறு காலையில் ஆராதனை, பிறகு சிறுவர் வகுப்பு, மத்தியானம் பெண்கள் கூட்டம், மாலையில் மறுபடி ஆராதனை, இடையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, எல்லாவற்றுக்கும் நீயே முன்னால் நிற்கிறாயாம். “நான் எவ்வளவு சொன்னாலும், கடவுள் வேலை செஞ்சா கடவுள் பார்த்துக்குவார்னு சொல்லி என் வாயை அடைக்கிறா மாமா, நீங்களாவது சொல்லுங்க” என்றார். போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவாய், எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாளைக்கு முன் வகுப்பில், வேதத்தின் பத்துக் கட்டளைகளில் நான்காவதை, ஓய்வுநாளைப் பற்றியதை, வாசிக்கும் முறை எனக்கு வந்தது. நம் மலை மொழியின் சோல்னி என்ற வார்த்தை வரியின் கடைசியில் இடம் போதாமல் உடைந்து, ‘சோல்’ ஒரு வரியிலும் ‘னி’ அடுத்த வரியிலுமாக இருந்தது. ஓய்வுநாளுக்கு அதுதான் பெயர் என்று பிறந்தது முதல் சொல்லி வந்திருக்கிறேன், ஆனால் அது எனக்கு ஒரு நாளின் பெயர், அவ்வளவுதான். அன்று ‘சோல்’ என்று மட்டும் வாசித்து நிமிர்ந்து, “யாரு மூட்டையை இறக்கச் சொல்றது?” என்று கேட்டுவிட்டேன். விறகு சுமந்து மலை ஏறும்போது பாதி வழியில் நாம் சொல்லும் சோல்தானே அது, இறக்கு, மூச்சு வாங்கிக்கொள் என்று. கிழவிகள் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அடுத்த வரிக்குப் போங்க தாத்தா, னி பாவம் தனியா நிக்குது” என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை மகளே. சுமையை இறக்கும் நாள் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, நான் எழுபது வருடம் அந்த நாளைக் காப்பாற்றுவதற்காகவே சுமந்திருக்கிறேன்.

உனக்குப் பிறகு ஒரு தம்பி பிறந்து காய்ச்சலில் போய்விட்டான் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அது பொய். அப்போது உனக்கு ஏழு வயது, அத்தை வீட்டில் விட்டிருந்தோம். நம் ஊரில் சபைகளின் பெருங்கூட்டம், ஐந்நூறு விருந்தாளிகள், தண்ணீர் பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஓடையில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதால் இரண்டு நாள் தண்ணீரையும் சனிக்கிழமையே மேலே ஏற்றினோம். உன் அம்மாவுக்கு ஏழாம் மாதம். நான்காம் நடையில், பாதி வழியில் சுமை இறக்கும் சோல் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, “ஏங்க, இங்க கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா?” என்று கேட்டாள். நான் சூரியனைப் பார்த்தேன், அவளைப் பார்க்கவில்லை. “நாளைக்கு ஓய்வுநாள்தானே, நாளைக்கு உட்காரலாம், இப்போ நட” என்றேன். மறுநாள் ஆராதனை மணி அடித்தபோது உன் தம்பி பிறந்தான், பாட்டு முடிவதற்குள் போய்விட்டான். ஊழியத்தில் தியாகம் செய்தவள் என்று மேடையில் அவள் பெயரைச் சொன்னார்கள், நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்நூறு பேரில் ஒருவர்கூட அன்று தாகமாக இருக்கவில்லை.

இதை உனக்கு எழுதப்போகிறேன் என்று முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். இருபத்தொன்பது வருடத்தில் அவளிடம் இதைப் பேசியதே அன்றுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. “தண்ணிப் பானை கனம்னு நிக்கலீங்க. வாயைத் திறந்து இறக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நானா இறக்கினா நாலு பேர் சோம்பேறின்னுவாங்க, நீங்க சொன்னா யாரும் சொல்லமாட்டாங்க” என்றாள். பொறுக்கிய கல்லை வெளியே எறிந்துவிட்டு, “அவளும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருப்பா, போய் எழுதுங்க” என்றாள்.

அதனால் மகளே, உன் அப்பா சொல்கிறேன், இறக்கு. பாட்டுக் குழுவை இறக்கு, சிறுவர் வகுப்பை இறக்கு. யாராவது கேட்டால் அப்பா உத்தரவு என்று இந்தத் தாளைக் காட்டு, மலையில் ஒரு கிழவன் கிறுக்கியிருக்கிறான் என்று என்மேல் பழி போடு. நீ இல்லாமல் அவர்கள் சுருதி தப்பிப் பாடினால் கடவுள் பொறுத்துக்கொள்வார், எங்கள் ஊர்ப் பாட்டையே அவர் இத்தனை வருடமாகக் கேட்கிறார். படுத்துக்கொண்டு சும்மா இருப்பது உனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். சும்மா இருக்கச் சொல்லித்தான் கட்டளையில் எழுதியிருக்கிறது, நானே எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டேன்.

ஸுவாலாவுக்கு என் அன்பு, அவரையே சமைக்கச் சொல், கீரையில் உப்பு குறைவாகப் போடச் சொல். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. இதை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று, இடையில் ஞாயிற்றுக்கிழமை பேனாவைத் தொடவில்லை, உன் அம்மாவோடு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் எழுதுவேன், இந்த எட்டு வாரமும் வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் படுத்துக்கொண்டே வாசி.

உன் அப்பா,
தார்குமா