வேங்கைத்தோலும் வெட்டிவேர் மெழுகுதிரியும்

சுடர் வாழ்க. சுடரை ஏற்றும் கை வாழ்க. அந்தக் கைக்கு உரியவர் மூச்சுவிடும் காற்றும் வாழ்க.

ஞாலம் இருளில் கிடந்த காலத்தே முதற்சுடர் ஏற்றி, எட்டுத் திசைக்கும் ஒளியை ஈந்து, இன்றளவும் அது குன்றாது காத்துவரும் ஒளிக்குடியாம் குறுமலைநாட்டின் பட்டத்தரசியார், செம்பொற் சிலம்பினர், ஏழ்நிலை மாடத்து இறைவியார் (ஆறு நிலைகள் இன்னும் எழவில்லை எனினும் அடித்தளம் உறுதியானது), வேங்கை கொன்ற விறலோன் குன்றவர்ம மகாராசரின் வலப்பக்கம் அமர்ந்தருளும் பூங்குழைத் தேவியாரின் திருமுன்பு, முத்தந்துறைச் சத்திரத்தின் பின்கட்டு அறையிலிருந்து அமைச்சன் சேந்தங்கிழான் மருதவாணன் தாழ்ந்து வணங்கி விடுக்கும் ஓலை. உலகுக்கு முதல் ஒளி தந்த அக்குடியின் பேரவை மண்டபத்தில் மெழுகுதிரி ஏற்றினால் விருந்தினர் மூக்கைப் பொத்துகின்றனர். அதனைத் தீர்ப்பதே இவ்வோலையின் பொருள்.

நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதென நம்புகிறேன். பொழியாவிடினும் ஓலையில் பொழிவதே மரபாகலின் அதை அப்படியே விடுகிறேன். இளவரசியார் அல்லியங்கோதை நலமாக உறங்குகிறார் என்ற செய்தியும் வந்தால் என் பாதி மனக்கவலை தீரும்.

நடந்ததைத் தேவியார் அறிவீர். ஆயினும் ஓலையில் ஏறாதது நம் நாட்டில் நடவாததாகிவிடும் ஆகையால் எழுதுகிறேன். சென்ற திங்களில் தாழைநாட்டு அரசமாதா மங்கலத்தேவியார் தம் மைந்தர் கடம்பவேளுக்கு நம் இளவரசியாரைப் பெண் பார்க்க எழுந்தருளினார். அவரை வரவேற்க நம் மண்டபத்தில் யானை வடிவில் வார்த்த மல்லிகை மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. முதலில் துதிக்கைகள் உருகி வீழ்ந்தன. பின்னர்த் தலைகள் சாய்ந்தன. தலையிழந்த யானைகளின் கழுத்திலிருந்து எழுந்த புகையில் மல்லிகையும் மாட்டுக் கொழுப்பும் கலந்திருந்தன. அவற்றுக்கு அடியில், நம் மண்டபத்துக்கே உரியதும் புலவர்களால் வீரமணம் என்று பாடப்பெற்றதுமான அந்தப் பழைய வாடையும் இருந்தது. அரசமாதா முந்தானையால் மூக்கை மூடினார். முந்தானையை எடுத்தால்தான் பாயசம் குடிக்க முடியும், அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பாயசம் ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஆவணி வளர்பிறை முடிவில் மீண்டும் ஒருமுறை வருவதாகவும், அன்று மண்டபத்தில் இருந்து உண்ண முடிந்தால் தாம்பூலம் மாற்றுவதாகவும், முடியாவிடில் வேறு இடம் பார்ப்பதாகவும் பல்லக்கில் ஏறியபின் சொல்லியனுப்பினார்.

கடம்பவேள் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை. கண்களில் நீர் வழிய வழிய முழுக் கிண்ணமும் குடித்து, இன்னொரு கிண்ணம் உண்டா என்றும் வினவினார். இளவரசியார் நான் புறப்படும்போது வாயிலருகே நிறுத்திச் சொன்னதும் இதைத்தான். "அமைச்சர் மாமா, அவர் அந்தப் புகையில உக்காந்து ரெண்டாம் கிண்ணம் கேட்டாரு. அந்த மனுசனுக்கு ஒரு நல்ல திரி வாங்கிக் குடுக்க இந்த நாட்டால முடியாதா?" முடியும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே முடிய வேண்டும்.

தேவியாரின் கட்டளை அதனினும் சுருக்கமாக இருந்தது. "மன்னர் பேச்சைக் கேட்டு மறுபடி யானையும் தேருமா வாங்கிட்டு வந்துடாதீர் அமைச்சரே. அந்தம்மா மூக்கிலிருந்து கையை எடுத்து ஒரு வாய் பாயசம் குடிக்கணும். அவ்வளவுதான்." மன்னரோ, குறுமலைநாட்டு அமைச்சன் கடைத்தெருப் பாயில் அமர்ந்து பேரம் பேசுவது குடிக்கு இழுக்கென்று கூறி, தாம் இளம்பருவத்தில் தனியே நின்று கொன்ற வேங்கையின் தோலை அரியணையிலிருந்து எடுத்து என்னிடம் அளித்து, போகுமிடமெல்லாம் இதன்மேல் அமர்க என்று பணித்தார். அமர்ந்தேன். போன கடைகளில் எல்லாம் எனக்கு மிகத் தாராளமாக இடம் விட்டார்கள்.

முத்தந்துறையில் மெழுகுதிரி விற்போருள் பேர்பெற்றவள் பவழாயி. அவள் கடையில் நுழைந்ததும் மணம் முகத்தில் அறைந்தது. நமது திரிகளும் இங்கிருந்தே வந்தனவென்று அறிந்து, இத்தனை மணம் எதற்கென்று வினவினேன். "ஏற்றாம மணக்கிறது கடைக்கு ஐயா, ஏற்றினா மணக்கிறது வீட்டுக்கு. பெரிய இடத்துக்காரங்க கடையிலயே மோந்து பாத்துட்டு வாங்கிட்டுப் போயிடறாங்க. எனக்கென்ன, கடைச்சரக்கையே குடுத்தனுப்புறேன்" என்றாள். மேலும் சொன்னாள்: "மல்லிகை யாருக்கு அதிகம் போகுதுன்னு எனக்குத் தெரியும். மறைக்க வேண்டியது எவ்வளவோ அவ்வளவு மல்லிகை." இதனை நம் நாட்டின்மேல் ஏவிய பழியாகக் கொள்ளலாமா என்று சற்று நேரம் யோசித்தேன். பின்னர், வாங்கும் திரி ஒவ்வொன்றையும் இனி ஏற்றிப் பார்த்தே தேர்வேன் என்று அறிவித்தேன்.

இங்கே நம் மரபு குறுக்கே வந்ததைத் தேவியார் உணர்வீர். ஏற்றிய சுடரை நம்மவர் ஊதி அணைப்பதில்லை. அணைக்க என்ற சொல்லையும் விளக்கின் முன் உரைப்பதில்லை. அது தானே குளிர வேண்டும். இதனாலேயே நம் மெழுகுதிரி தேரும் அவையினர் தலைமுறை தலைமுறையாக ஒரு திரியையும் ஏற்றிப் பார்த்ததில்லை. நிறம் கண்டு, வடிவம் கண்டு, தும்பிக்கையின் வளைவு கண்டு, ஒருமனதாகத் தேர்ந்து வந்திருக்கின்றனர். எரிவதற்கென்று உள்ள பொருளை எரியாத நிலையிலேயே சோதித்த பேரவை உலகில் வேறொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே நான் ஏற்றிய ஒவ்வொரு திரியையும் அது தீரும்வரை உடனிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. காற்று கெடுத்துவிடாதபடி சத்திரத்து அறையின் கதவும் சாளரமும் அடைத்து, உச்சி வெயிலில், வேங்கைத்தோல் மேல் அமர்ந்து, வியர்வையோடு தொடங்கினேன். சத்திரத்து மடைப்பள்ளி நடத்தும் அங்கமுத்தாள் கதவைத் தட்டி, "உள்ளே நடக்கிறது கல்யாணமா கருமாதியான்னு சொன்னா, அதுக்குத் தக்க சமைப்பேன்" என்றாள். கல்யாணம் என்று சொன்னேன். "மணம் அப்படி இல்லையே" என்றபடி போய்விட்டாள்.

கண்டவை இவை. மல்லிகைத் திரியின் மேலே ஒரு வெள்ளைத் தட்டைப் பிடித்தேன். அது சிறிது நேரத்தில் அடுப்புச் சட்டியின் அடிபோல் கரியாயிற்று. நம் மண்டபத்து மேற்கூரை ஓவியத்தில் தேவமாதர் அனைவரும் ஏன் கருநிறம் கொண்டனர் என்பது விளங்கிற்று. சந்தனத் திரி கடையில் மணந்தது, எரியும்போது ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் மேலே பூசப்பட்டிருந்தது, உள்ளே வெறுங்கொழுப்பு. தாழம்பூத் திரியின் நூல் மையத்தில் இல்லை. சுடர் ஒரு பக்கமாகக் குழி பறித்து இறங்கி, தன் மெழுகிலேயே மூழ்கித் தானே குளிர்ந்தது. அதன்பால் எனக்குச் சற்று நன்றியும் உண்டாயிற்று. புனுகு சேர்ந்த திரியைப் பற்றி எழுத வேண்டாமென்று என் தலைவலி கேட்டுக்கொள்கிறது.

இறுதியில் மீண்டும் கடைக்குச் சென்றேன். பவழாயி தன் வீட்டுக்கென்று அடுக்கின் பின்புறம் வைத்திருந்த ஒன்றை, நான் விடாது பார்த்துக்கொண்டிருந்ததால், மனமின்றி எடுத்துத் தந்தாள். தூய தேன்மெழுகு. வெட்டிவேரை எண்ணெயில் ஊறவைத்துக் கலந்தது. நிறம் மங்கல் மஞ்சள். வடிவம் ஒரு வடிவமும் இல்லை. குட்டை உருளை, அவ்வளவே. மூக்கருகே கொண்டுவந்தாலன்றி மணம் தெரியாது. அறைக்குக் கொண்டுவந்து ஏற்றியதும் சுடர் நடுங்காமல் நின்றது. மெழுகு நடுவிலிருந்து ஓரம்வரை சமமாக உருகிக் குளம்போல் நின்றது. தட்டு வெள்ளையாகவே இருந்தது. சிறிது நேரத்தில், முதல் மழை விழுந்த தரைபோல், அறையெங்கும் மெல்லிய குளிர்மணம் பரவிற்று. கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்றேன்.

நின்றவன் மறுபடி முகர்ந்தேன். வெட்டிவேர் மணந்தது. அதன் நடுவே, மறைவின்றி, தெளிவாக, நம் மண்டபத்தின் வீரமணமும் இருந்தது.

தேவியார் என் மனநிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டை விட்டு இத்தனை தொலைவு வந்தும் அந்த வாடை என்னைத் தொடர்ந்தது. என் மேலிருந்தே வருகிறதோ என்ற ஐயத்தில் இருமுறை நீராடினேன். அந்நேரம் அங்கமுத்தாள் மீண்டும் கதவைத் தட்டினாள். "அமைச்சரய்யா, முற்றத்தில நாலு தெருநாய் வந்து உக்காந்திருக்கு. உங்க கதவையே பாத்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா?" என்று கேட்டாள். நான் கதவைத் திறந்தேன். நாய்கள் என்னைப் பார்க்கவில்லை. என் காலடியில் கிடந்த தோலைப் பார்த்தன.

தோலைச் சுருட்டி மதில்மேல் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பி அமர்ந்தேன். வெட்டிவேர் மட்டுமே மணந்தது.

அன்று மாலை தேவியாரின் ஓலையும் வந்து சேர்ந்தது. நான் புறப்பட்ட நாள்தொட்டு மண்டபத்தில் காற்று நல்லதாகிவிட்டதென்றும், வாடை தாங்காமல் பறந்துபோன மண்டபத்துக் கிளி திரும்பி வந்ததென்றும், இளவரசியார் மண்டபத்திலேயே அமர்ந்து உண்கிறார் என்றும் எழுதி, இதற்குக் காரணம் என் பிரிவே என்று மன்னர் அவையில் கூறியதாகவும் அறிவித்திருந்தீர். அக்கருத்தை மறுக்க எனக்கு மிகுந்த விருப்பமுண்டு. என்னோடு கூடப் புறப்பட்டது வேங்கைத்தோல் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இதனால் நான் கற்றது ஒன்றே. தீய திரி நாற்றத்தின்மேல் ஏறிச் சண்டையிடும். இரண்டும் சேர்ந்து விருந்தினரைத் துரத்தும். நல்ல திரி சண்டைக்குப் போவதில்லை. தன் மணத்தைத் தந்துவிட்டு ஒதுங்கி நிற்கும். ஒதுங்கிய இடத்தில் வீட்டிலுள்ள மற்றதெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே நல்ல மெழுகுதிரி வாங்குவோர் முதலில் வீட்டைத் துணிந்து முகர்ந்து பார்க்கக் கடவர். நம் பேரவையினர் இத்தனை காலம் மல்லிகையை விரும்பியது ஏனென்று இப்போது விளங்குகிறது.

ஆதலின், மெழுகுதிரி தேர்வுக்கெனத் தேவியார் எனக்களித்த இலச்சினையின் உரிமையால் அரண்மனைப் பணியாளர்க்கு இவ்வாறு பணிக்கிறேன். மண்டபத்துச் சாளரங்கள் விருந்தினர் வருமுன் காலைமுதல் திறந்திருக்கக் கடவன. மேற்கூரைத் தேவமாதரைத் துடைக்கக் கடவர். வெட்டிவேர்த் திரிகள் மண்டபத்தில் மட்டும் ஏற்றப்படுக, அதுவும் மூலைகளில், காற்று வீசும் இடம் தவிர்த்து. நூல் நீண்டால் விரல்நுனி அளவு விட்டு நறுக்குக. உணவு பரிமாறும் இடத்தில் எந்த மணத்திரியும் கூடாது. அங்கே பாயசம்தான் மணக்க வேண்டும், ஏலக்காயில் கஞ்சத்தனம் வேண்டா. யானைத் திரிகள் மீதமிருந்தால் மெழுகுதிரி தேரும் அவையினரின் இல்லங்களுக்கு மரியாதையுடன் அனுப்புக. அவர்கள் அவற்றை ஏற்றிப் பார்க்கக் கடவர்.

தோல் எங்கே என்று மன்னர் வினவினால், பெண்பார்க்க வரும் அம்மையார் வேங்கையைக் கண்டு அஞ்சி மயங்கிவிடக் கூடும் என்று தேவியார் கவலையுடன் கூறலாம். மன்னர் இதனை உடனே ஒப்புவார். அன்றிரவே அதுகுறித்துப் புலவரை ஒரு பாடலும் கட்டச் சொல்வார். பாடலில் மணம் பற்றிய வரி வராமல் பார்த்துக்கொள்க.

பவழாயியிடம் அவள் வீட்டுச் சரக்கு முழுவதையும் பெற்றுக்கொண்டு நாளை புறப்படுகிறேன். விருந்தினர்க்கு முன்னதாகவே வந்து சேர்வேன். இளவரசியாரிடம், அந்த மனிதருக்கு நல்ல திரி கிடைத்துவிட்டது என்று சொல்க. இம்முறை அவர் கண்ணில் நீர் வராமல் இரண்டாம் கிண்ணம் கேட்பார். அரசமாதா முதற்கிண்ணமேனும் கேட்பார் என்று முழு நம்பிக்கை கொண்டுள்ளேன்.

ஏற்றிய சுடர் குளிருமட்டும் இக்குடி ஓங்குக. இது தவறாது நடக்கக் கடவது. ஆவணித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், குறுமலைநாட்டுச் சுடர் இலச்சினை பதித்து, சேந்தங்கிழான் மருதவாணன் கைச்சாத்து.

இலச்சினைக்குக் கீழே, தேவியார் மட்டும் வாசிக்க: வாடை நீங்கட்டுமென்று தோலைப் பூந்திக்கொட்டை நீரில் இன்று காலை ஊறவைத்துத் துவைக்கச் செய்தேன். வாடை போயிற்று. வரிகளும் போயின. எஞ்சியிருப்பது செவலைக் கன்றின் தோல். அதன் பின்தொடைப் பக்கத்தில் நம் அரண்மனைத் தொழுவத்தின் சூட்டுக்குறி இருக்கிறது.