தண்ணீர் பட்ட பாடு

மார்ச் 3, திங்கள்

இந்த வாரம் மனைவிக்குக் காலை டியூட்டி. விடிவதற்குள் டிப்போவுக்குப் போய்விட்டாள். மத்தியானம் ஒரு மணிக்கு வருவாள். அடுத்த வாரம் எல்லாம் தலைகீழ், மத்தியானம் போய் ராத்திரி வருவாள். பேருந்து ஓட்டுகிறவளின் வீட்டில் கடிகாரத்துக்கு மரியாதை கிடையாது, டியூட்டி அட்டவணைக்குத்தான். சுண்டுவை ஏன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் நூறு காரணம் சொல்வேன். உண்மையான காரணம் ஒன்றுதான். சேர்த்திருந்தால் மாதத்தில் பாதி நாள் அம்மாவும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் தூக்கத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

இன்று மாடிப்படியில் கூட்டல் நடந்தது. குளியல் வாளியில் எது மிதக்கும், எது முழுகும் என்று ஒரு ஆராய்ச்சி. என் புது சோப்பு முழுகியது, கரையவும் கரைந்தது. கல்வி அலுவலகத்துக்குக் காட்டும் பதிவேட்டில் "9–10 கணிதம், 10–11 அறிவியல்" என்று எழுதினேன். ஒன்பது மணிக்கு அவள் போர்வைக்குள் இருந்தாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம். ஏப்ரல் 2 அன்று அதிகாரி வீட்டுக்கு வருகிறார். ஏழு வயதாகிவிட்டதால் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை அவள் வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் வீட்டிலேயே படிக்க இன்னும் ஒரு வருடம் அனுமதி. இல்லையென்றால் அடுத்த பருவத்திலிருந்து பள்ளிக்கூடம்தான்.

வாசிப்பைப் பற்றிக் கவலையில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கவலை.

மார்ச் 5, புதன்

சுண்டு கேட்ட கேள்விகள் நாற்பத்தொன்று. மத்தியானத்துக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

அக்கா வந்தாள். இருபது வருடமாக டீச்சர். வீட்டுக்குள் நுழையும்போதே வருகைப் பதிவு எடுக்கிற பார்வை.

"மணி பதினொண்ணு ஆகுது. புள்ள இன்னும் பல்லே தேய்க்கல போல இருக்கே?"

"எங்க வீட்ல பெல் அடிக்கிறதில்லக்கா."

"அது தெரியுதுடா. வாசிக்கிறாளா?"

"வாசிப்பா? அவளுக்குத் தண்ணி பட்ட பாடு."

சுண்டு யானைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கடகடவென்று வாசித்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. யானைக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். அக்கா புத்தகத்தைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு," என்றாள்.

இரண்டாவது "நல்லா இருக்கு" எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பொறாமை. வேறென்ன?

மார்ச் 11, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நான் உட்கார்ந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களுக்குப் பிழை திருத்துவேன். மறுமுனையில் அவள் சத்தமாக வாசிப்பாள். என் கண் தாளில், காது அவளிடம். இரண்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. இன்று வேலை சீக்கிரம் முடிந்ததால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அணில் புத்தகம். அதில் இரண்டு பக்கம் ஜாம் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் சேர்த்துத் திருப்பினாள். ஆனால் வாசிப்பு நிற்கவில்லை. எதிரே இருந்த பக்கத்தில் அணில் ஏற்கனவே கூடைக்குள் இருக்கிறது. இவள் வாயில் அணில் இன்னும் மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒட்டிய பக்கத்தைக் கத்தியால் பிரித்தேன். அவள் சொன்னது அப்படியே அதில் இருந்தது. ஒரு சொல் பிசகாமல்.

ஒரு தாளில் "நாய் மேசை மேல் ஏறியது" என்று எழுதி நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுல படம் இல்லையே அப்பா."

பதினான்கு புத்தகம். பதினான்கும் மனப்பாடம். எழுத்துகள் தெரிகின்றன, தனித்தனியாக. அவற்றைக் கூட்டினால் ஒரு சொல் வரும் என்பது தெரியவில்லை. அவள் ஏமாற்றவில்லை, இதற்குப் பெயர்தான் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்க வைத்தவன் யார்? ஊரார் விட்ட பிழையைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன்.

இன்னும் மூன்று வாரம்.

மார்ச் 12, புதன்

மனைவியிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து, காலை நாற்காலி மேல் நீட்டி, சுண்டுவை மடியில் போட்டுக்கொண்டு "இன்னிக்கு எனக்கு எந்தக் கதை?" என்கிறாள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 14, வெள்ளி

இன்றைக்குத் திருத்திய தாளில் பக்க விளைவுகள்: தலைசுற்றல், வாய் உலர்தல், காரணமில்லாத பதற்றம். மாத்திரை போடாமலே எனக்கு மூன்றும் இருக்கிறது.

ஒரே சொல்லை முப்பது தடவை கூட்டச் சொன்னேன். முப்பத்தோராவது தடவை கத்திவிட்டேன். "இதுகூடத் தெரியாதா?" என்றேன். ஏழு வயசுப் பிள்ளையைப் பார்த்து! அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து மெதுவாக யானைக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பிடிக்கும் என்று.

நான் அழுதேன். அவள் பார்க்கவில்லை.

மார்ச் 19, புதன்

இரட்டையர் அப்பா போன் செய்தார். பூங்காவில் பழக்கம், அவர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு வீட்டுப் படிப்புதான். சுற்றி வளைத்துக் கேட்டேன், அதிகாரி எப்படி என்று.

"தங்கமான அம்மாங்க. ஆனா மூணே மூணு தாள்தான் வெச்சிருக்காங்க, அதையேதான் எல்லா வீட்டுக்கும் கொண்டு வர்றாங்க. நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். அனுப்பட்டுமா? சும்மா, பழக்கிவிடத்தான்."

பழக்கிவிடத்தான். எவ்வளவு நல்ல சொல்.

மார்ச் 20, வியாழன்

போட்டோ வந்துவிட்டது. திறக்கவில்லை.

திறந்துவிட்டேன். தபால்காரர் வீட்டுப் பூனை, காணாமல் போன செருப்பு, மழையில் ஒரு குடை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்.

மார்ச் 23, ஞாயிறு

மனைவிக்கு இன்றும் டியூட்டி. நான் முதலில் பூனையை வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை. மூன்றாம் தடவை சுண்டுவே சொன்னாள். சாயங்காலத்துக்குள் செருப்பும் குடையும் முடிந்தன. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை. இந்தக் கிளி இரண்டு தடவை சொன்னாலே போதும் என்கிறது. இவ்வளவு ஞாபகம் உள்ள பிள்ளையை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறேனா?

இல்லை, அனுமதி கிடைத்த பிறகு நிதானமாக நிஜமாகவே சொல்லிக்கொடுக்கலாம். ஒரு வருடம் இருக்கும். ஒரு வருடம் நிறைய.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒத்திகை. அவள் சொல்கிற வேகம் பயமாக இருந்தது; யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள். விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தச் சொன்னேன். பிறகு இரண்டு இடத்தைக் காட்டினேன்.

"இங்கயும் இங்கயும் கொஞ்சம் திக்கணும்."

"ஏன்ப்பா? எனக்குத்தான் தெரியுமே?"

"விளையாட்டு."

எதையும் காரணம் கேட்காமல் விடாதவள், விளையாட்டு என்றதும் சரி என்று தலையாட்டினாள்.

ஏப்ரல் 2, புதன்

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். நரைத்த முடி, துணிப்பை, சத்தமில்லாத செருப்பு. பதிவேட்டைப் புரட்டினார். பேருந்து எண்களை வைத்துச் சுண்டு போட்ட கணக்கைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேலே பூனைப் படம்.

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். விரலை வைத்தாள். வாசித்தாள். சொன்ன இடத்தில் திக்கினாள். அதுவும் எவ்வளவு அழகாக!

"நல்லா வாசிக்கிறா. நடுவுல தயங்கினா பாருங்க, எழுத்தப் பாத்து வாசிக்கிற புள்ளைங்கதான் அப்படித் தயங்கும்," என்றார் அதிகாரி. கையெழுத்துப் போட்டார். டீ கொடுத்தேன்.

ஒன்றரைக்கு மனைவி வந்தாள். வரும்போதே முகத்தில் கேள்வி. "ஒரு வருஷம் குடுத்துட்டாங்க," என்றேன். அவள் சீருடையோடு தரையில் உட்கார்ந்து சுண்டுவைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் ரெண்டு இடத்துல திக்கினேன் தெரியுமா? அப்பா சொன்ன இடத்துலயே திக்கினேன். சரியா திக்கினேனாப்பா?"

மனைவி எழுந்து பைகளை மாட்டினாள், கை கழுவினாள், எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். சுண்டு விளையாடப் போன பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஜாம் பக்கத்திலிருந்து.

"படிக்க வரலன்னு எனக்குக் கோபம் இல்லங்க. என்னிக்காவது வந்துரும். திக்கற மாதிரி நடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கீங்களே... அத எப்படித் திருப்பி எடுப்பீங்க?"

"உனக்காகத்தான். அவ பள்ளிக்கூடம் போயிட்டா நீ அவளப் பாக்கவே—"

"என் பேரச் சொல்லாதீங்க." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பிரேக் இல்லாத வண்டிய நான் டிப்போவ விட்டு எடுக்க மாட்டேன். ஆளு எவ்வளவு நின்னாலும் சரி. நாளைக்குப் போய் சொல்லிட்டு வாங்க."

"அனுமதிய ரத்து பண்ணிடுவாங்க."

"பண்ணட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இழக்கப்போவது நான் இல்லை, அவள்தான். தெரிந்துதான் சொன்னாள்.

ஏப்ரல் 3, வியாழன்

கல்வி அலுவலகம். நீளமான பெஞ்ச், உயரத்தில் மின்விசிறி. சுண்டுவையும் கூட்டிப்போனேன், விடுவதற்கு வேறு இடமில்லை. அதிகாரியிடம் சொன்னேன். பாதியில் வார்த்தை வரவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே திக்கினேன்.

அவர் கோப்பை எடுத்து நேற்றுப் போட்ட கையெழுத்தை அடித்தார்.

"இந்த மாதிரி மனப்பாடமா ஒப்பிக்கிற புள்ளைங்க பள்ளிக்கூடத்துலயும் இருக்காங்க. அங்கயிருந்து யாரும் வந்து எங்கிட்ட சொன்னதில்ல." தாளைத் திருப்பி வைத்தார். "ஜூலை ஒம்பது வரைக்கும் டைம் தர்றேன். புதுத் தாள் கொண்டு வருவேன். அன்னிக்கும் வரலன்னா பள்ளிக்கூடம். அப்ப எங்கிட்ட கெஞ்சக்கூடாது."

"சரிங்க."

"பதிவேட்ல இனிமே நடந்தத எழுதுங்க. இவ்வளவு ஒழுங்கா எந்த வீடும் நடக்காது."

வெளியே வந்ததும் சுண்டு கேட்டாள்: "நான் வாசிக்கலையா அப்பா?"

"இல்லம்மா. நீ ஞாபகம் வெச்சுச் சொன்ன. வாசிக்கிறது வேற. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

வீடு வரை அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்காவிடம் போய் விழுந்தேன்.

"அன்னிக்கே தெரிஞ்சுதுடா. அவ கண்ணு எழுத்து மேலயே இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். பதினான்கு புத்தகத்தையும் அலமாரி உச்சியில் ஏற்றச் சொன்னாள். தினமும் நான் புதிதாக இரண்டு வரி எழுத வேண்டும். சுண்டுவுக்குத் தெரியாத, ஆனால் அவள் தெரிந்துகொள்ளத் துடிக்கிற விஷயமாக. அவள் எழுத்துக் கூட்டும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. "அதுதான் உனக்குக் கஷ்டம்," என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

"பந்து கட்டிலுக்கு அடியில்." இதை வாசிக்க இருபது நிமிடம். மூன்று தடவை அழுகை. பந்து கிடைக்கவில்லை, எழுத்தும் கிடைக்கவில்லை. நான் உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதிவேட்டில்: "9 மணி, தூக்கம். 11 மணி, அழுகை (இருவரும்)."

மே 2, வெள்ளி

இல்லை. இன்னும் இல்லை.

மே 22, வியாழன்

குளியலறைக் கதவில் ஒட்டிய சீட்டு: "அம்மா இன்று சீக்கிரம் வருவாள்." சுண்டு அதன் முன்னால் பல் தேய்த்துக்கொண்டே நின்றாள். நான் பார்க்காத மாதிரி துணி மடித்தேன். வாயில் நுரையோடு ஓடி வந்தாள். "சீக்கிரம்னா எத்தன மணிக்கு?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் கூத்தாக இருந்துவிட்டால்?

ஜூன் 15, ஞாயிறு

ஒரு நாள் வருகிறது, மறுநாள் போய்விடுகிறது. நான்கு வரிக்கு மேல் தாண்டவில்லை. மனைவி பள்ளிக்கூடச் சேர்க்கைப் படிவம் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறாள். "வெச்சிருக்கேன், அவ்வளவுதான்," என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஜூலை 9, புதன்

ஒரு வருடத்துக்குக் கையெழுத்து. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அதிகாரி உறையைப் பிரித்துத் தாளை எடுத்தார். படமே இல்லை. சுண்டு என் பக்கம் திரும்பினாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியவில்லை.

"நீ உள்ள போப்பா," என்றாள்.

சமையலறைக்குப் போனேன். மனைவி லீவு போட்டுவிட்டு அங்கே அடுப்பில் ஒன்றும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். முதல் சொல்லிலேயே சுண்டு நின்றுவிட்டாள். பிறகு அதையே உடைத்து உடைத்துச் சொன்னாள். தப்பு. திரும்ப முதலிலிருந்து. ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆனது. என் கால் வாசல்படி வரை போய்விட்டது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். குழாயை இறுக்கி மூடினேன். கேட்க வேண்டுமே.

ஆறாவது வரியோ ஏழாவது வரியோ இருக்கும். சுண்டு நிறுத்தினாள். போச்சு என்று நினைத்தேன். அப்போது அவள் சிரித்தாள். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. "அய்யோ, அவன் தொப்பிய எடுத்து ஆடு—" என்று ஆரம்பித்து மேலே சொல்ல முடியாமல் சிரித்தாள். அதிகாரியும் சிரித்தார்.

மனைவி என்னைப் பார்த்தாள். ஆடு என்ன செய்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.