மரத்தை விட்டு இறங்காத குட்டி

அப்பாவுக்கு ருய்சின் வணங்கி எழுதுவது. அங்கே செங்டுவில் குளிர் அதிகம் என்று இங்கே சாமான் கொண்டுவரும் லாரிக்காரர் சொன்னார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாஜோங் ஆடும்போதாவது கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். நான் நலம்.

கவலைப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம். நான் வளர்க்கும் பாண்டாக் குட்டி மனிதரை அறியாமலே காட்டுக்குப் போகவேண்டும் என்பதால், இவ்வளவு நாளும் பாண்டா வேஷம் போட்டு, பாண்டா மூத்திரத்தைப் பூசிக்கொண்டு, வாய் திறக்காமல்தான் அதனிடம் போய்வந்தேன். போன வாரம் காட்டுப்பக்கக் கதவைத் திறந்தோம். குட்டி வெளியே எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எங்கள் நிலையத்தின் தலைவர் பெங் அதைக் கேமராவில் பார்த்திருக்கிறார். "ஏம்மா, காட்டுக்கு அனுப்பச் சொன்னா நீ தத்து எடுத்துக்கிட்டியா?"

"நான் என்ன பண்ண தலைவரே, அது என்னை பாண்டான்னே நம்பிடுச்சு."

"நல்லா நடிச்சே போ. இனி அதுக்கு ஆயுசுக்கும் கூண்டுதான்."

கூண்டில் இருக்கவேண்டுமானால் குட்டி மனிதர்களோடு பழகவேண்டுமாம். ஆகவே நேற்று தலைவாரி, சொந்த முகத்தோடு, மூங்கில் குருத்தை எடுத்துக்கொண்டு போனேன். குட்டி என்னைக் கண்டதும் அலறி மரத்தில் ஏறிவிட்டது. "நான்தான்டா" என்றேன். என் குரலை அது கேட்டதே இல்லை.

முடிந்தால் மொச்சை மிளகாய் விழுது ஒரு ஜாடியும், சின்ன ரேடியோ ஒன்றும் அனுப்புங்கள். இங்கே பேச்சுச் சத்தம் குறைவு.

லாரி கிளம்புகிறது, முடிக்கிறேன். குட்டி இன்னும் இறங்கவில்லை. பாண்டா வேஷத்தை அடுத்த குட்டிக்கு என்று என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் மகள்
ருய்சின்