கருப்பட்டிக் கார்

ஜனவரி 27, திங்கள்

காலையில் நல்ல பனி. மாடியில் உலர்த்திய துணி ஒன்றும் காயவில்லை.

செய்ய வேண்டியது: இந்த வாரப் பக்கத்துக்கு மை போட வேண்டும். காஸ் புக் பண்ண வேண்டும். நித்யாவின் ஸ்கூல் ஷூ. மத்தியானம் தி.நகர் கார் ஷோரூம், நல்ல புடைவை.

போனேன். பார்த்தேன். இத்தனை வருஷமாகப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு நான் வரைந்து வந்த கருப்பட்டிக் காக்கா, ஒரு காரின் பானெட் முழுக்க இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. கையில் அதே ஓட்டைக் குடை. சாம்பல் நிறத்தில் குட்டியாக ஒரு கார். இரண்டு பக்கக் கதவிலும் இறக்கை. சீட் உறையில் பொடிப்பொடியாகக் கருப்பட்டிகள். ஹாரனை அழுத்தினால் பீப் இல்லை, 'கா, கா'. அழுதுவிட்டேன், அத்தனை பேர் நடுவில். கம்பெனி மேனேஜர் டிசோசா கர்சீப் நீட்டினார். பம்பாய்க்காரர், நல்ல மனிதர். திருப்பித் தர மறந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு ஒரு கார்ட்டூன் என்று இந்தச் சின்னக் காரில் ஸ்பெஷலாகப் போடுகிறார்களாம். சென்னைக்குக் கருப்பட்டி. (வாயில் இன்னும் மெட்ராஸ்தான் வருகிறது.) முதலில் சில வண்டிகள்தான், விற்றால் மேலே செய்வார்கள்.

ஆசிரியரும் வந்திருந்தார். கார் விற்றால் கருப்பட்டிக்கு நடுப்பக்கம், முழுக் கலர் என்றார். விற்காவிட்டால்? "பாக்கலாம்மா" என்றார். அந்தப் "பாக்கலாம்மா" எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தை ராசிபலனுக்குக் கேட்டு ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 29, புதன்

கார் இன்று எல்லோர் பார்வைக்கும் வந்தது. பாண்டி பஜாருக்கு வந்த குழந்தைகள் பாதிப் பேர் ஷோரூமுக்குள்தான். எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கருப்பட்டி வரைந்து கொடுத்தேன். விரல் போயிற்று.

ஒருத்தர்கூட புக் பண்ணவில்லை. ஏன் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் காதில் விழ ஆரம்பித்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா காக்கா சார். சனி பகவானோட வாகனம். அதைப் போய் நாம வாகனமா வாங்கறதா?"

"நான் மேஷ ராசி. ஏழரை நடக்குது. அதை வாசல்ல வேற கொண்டுபோய் நிறுத்தணுமாக்கும்!"

ஒரு பெண் குழந்தை கார்க் கதவைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அதன் அம்மா: "காக்கா தலைல தட்டினாலே தலை முழுகறோம். காசு குடுத்து யாராவது வாங்குவாங்களாடி?"

பத்திரிகையில் இருக்கிற வரை அது காக்கா. காரில் ஏறியதும் சனி. இது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்பதுதான் ஆத்திரம். சனிக்கிழமை தவறாமல் நவக்கிரகம் சுற்றுகிறவள் நான்! டிசோசாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. கிரகம், பறவை, ஏழரை வருஷம். பாவம், கடைசிவரை தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஷூ வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

டிசோசா போன். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். காக்காவைக் கிளியாக்கித் தர முடியுமா? உடம்புக்குப் பச்சை, மூக்குக்குச் சிவப்பு. ஸ்டிக்கரை உரித்துப் புதுசு ஒட்டிவிடலாம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஆசிரியருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. "கிளின்னா மங்களகரம்மா. பத்திரிகையிலயும் அப்படியே மாத்திடலாம்" என்கிறார்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "பச்சை அடிச்சுக் குடுத்துடேன் மைதிலி. உன் பேர்தானே வரப்போறது?" என்றார்.

"ஏன்னா, நித்யா ஜாதகம் சரியில்லேன்னு யாராவது சொன்னா, பேரை மாத்திப் பச்சைப் பாவாடை கட்டி வேற பொண்ணாக்கிடுவேளா?"

அதற்கப்புறம் இவர் ரசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். நித்யா தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கிளி வரைந்து பார்த்தேன். காமாலை வந்த காக்கா. இன்னொன்று. மாறுவேஷப் போட்டிக்குப் போகிற காக்கா. கிழித்துப் போட்டேன்.

கருப்பட்டியை நான் அழகு பார்த்து வரையவில்லை. யாரும் கூப்பிடாமலே வருவான், எல்லோர் காரியத்திலும் மூக்கை நுழைப்பான், அடி வாங்கிக்கொண்டு போவான், அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பான். ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் அடுத்தவரைக் காப்பாற்றப் பார்க்கிற அசடு. எனக்கு அவனைப் பிடிக்கும். இந்த வீட்டில் இருக்கிறவர்களை எப்படிப் பிடிக்குமோ அப்படி. இதைப் போனில் டிசோசாவிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் கச்சேரி ரோடு போய் அமாவாசைக்கு வாழைக்காய், கறுப்பு எள். வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. வாழைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கடைக்காரர், "இன்னாமா, முத்தலா கீதா?" என்றார்.

பிப்ரவரி 3, திங்கள்

டிசோசாவிடம் கிளி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நாள் மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமை தை அமாவாசை. செத்துப்போன பெரியவர்களுக்கு அன்றைக்குத்தான் படைப்போம். மயிலாப்பூர் முழுக்க மாடியில் நின்று 'கா, கா' என்று கத்தும். காக்கா வந்து சோற்றை எடுக்கிறவரை வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார்கள். அன்றைக்குக் காரைத் தெப்பக்குளத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.

அதே பறவையா என்று கேட்டார். அதே பறவைதான். அன்றைக்கு மட்டும் கெட்ட சகுனம் இல்லையா? இல்லை, அன்றைக்கு அது எங்கள் அப்பா, தாத்தா.

அப்புறம் "சரி, சரி" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையும் ஒன்றும் நடக்காவிட்டால் வேறு யாரையாவது வைத்துக் கிளி வரைந்துகொள்வார்கள். அதையும் மரியாதையாகவே சொன்னார்.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு, "நடந்தாலும் நடக்கும்டி" என்றார். சமாதானம்.

பிப்ரவரி 7, வெள்ளி. தை அமாவாசை

எழுத உட்காரவே முடியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் எங்கள் வீட்டிலேயே காக்கா வரத் தாமதம். இவர் தர்ப்பணம் முடித்துவிட்டுப் பசியோடு மாடியில் கை தட்டிக்கொண்டிருந்தார். "நீ கிளம்பு. கருப்பட்டிகிட்ட சொல்லி ஒண்ணை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லு" என்றார்.

தெற்கு மாட வீதியில் குளத்தை ஒட்டிக் கார் நின்றது. டிசோசா டை கட்டிக்கொண்டு வேர்வையில். ஷோரூம் டிரைவர் தாஸ் உள்ளே. நல்ல கூட்டம். ஆனால் காரைப் பார்த்தவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போனார்கள். "இன்னிக்குப் போய் இங்க என்ன வியாபாரம்" என்று ஒருத்தர் முறைத்தார். தாஸ் தலையை நீட்டி, "இன்னாமா, ஒருத்தரும் கிட்டயே வர்ல. வண்டிய எடுத்துக்கினு போயிறலாமா?" என்றார். இருங்கள் என்றேன். எதற்காக இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். ஐம்பதுக்கு மேல் இருக்கும். கையில் இலை, இலையில் சோறு, வடை, பாயசம்.

"இங்க காக்கா வருதாங்க?" தொண்டை கட்டிய குரல். "மந்தைவெளிலேர்ந்து வரேன். காலைலேர்ந்து மாடில நின்னு கத்தறேன், ஒண்ணுகூட வரலை. அப்பா போய் முதல் தை அமாவாசை. தம்பி அமெரிக்கால. நான்தான் வைக்கிறேன். நான் வெச்சா எடுத்துக்க மாட்டாரோ என்னவோ."

பேர் வசந்தா. காலேஜில் கணக்கு வாத்தியார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குக் கார், நடுப்பக்கம், கிளி எல்லாம் மறந்துவிட்டது. "தாஸ், ஹாரன் அடிங்க" என்றேன்.

கா, கா, கா.

தெருவே திரும்பியது. தாஸ் விடாமல் அடித்தார். குளத்துப் படிக்கட்டில் ஒரு காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தது. கீழே மாடும் நாயும் கூட்டமும், இலையை வைக்க இடம் இல்லை. வசந்தா சுற்றுமுற்றும் பார்த்தார், பானெட்டில் வைத்துவிட்டார். கருப்பட்டியின் குடைக்குப் பக்கத்தில். அந்தக் காக்கா வந்து உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் எங்கிருந்துதான் வந்தனவோ!

வசந்தா கை கூப்பிக்கொண்டு அழுதார். நானும். (கர்சீப் இல்லை, தலைப்புதான்.) அப்புறம் பார்க்க வேண்டுமே. காக்கா வராத வீட்டுக்காரர்கள் எல்லாம் இலையோடு ஓடிவந்தார்கள். பானெட், கூரை, டிக்கி, எங்கும் சோறு. ஒரு பெரியவர் தாஸிடம் கெஞ்சினார்: "எங்காத்து வாசலுக்கும் ஒரு தடவை வந்து அடிச்சுட்டுப் போப்பா."

"அல்லாருக்கும் அடிக்கிறேன் நைனா, தள்ளாதீங்க, வரிசைல வாங்க!"

டிசோசா "பெயின்ட், பெயின்ட்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். பாதியில் நின்றுவிட்டார். பிறகு டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மாமியின் இலையைக் கை நீட்டி வாங்கிக் கூரையில் வைத்தார்.

எல்லாம் அடங்கியபின் வசந்தா என்னிடம் கேட்டார்: "இந்த வண்டி விக்கிறதுக்குத்தானே?" புதுசு தருகிறோம், இதில் கீறல் விழுந்துவிட்டது என்று டிசோசா பதறினார். வசந்தா விடவில்லை.

"புதுசு வேண்டாம். இதே வண்டிதான் வேணும்."

பிப்ரவரி 10, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. நித்யாவுக்கு ஷூ, ஒருவழியாக.

மந்தைவெளி, அபிராமபுரம், அடையாறு என்று ஷோரூமுக்கு போன் மேல் போனாம். மேஷ ராசிக்காரரும் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனாராம். ஆசிரியர்: "நடுப்பக்கத்துக்கு எப்ப படம் தர்றே?" ராசிபலன்காரரைப் பற்றி மூச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

சனிக்கிழமை யாராவது கார் எடுப்பார்களா? வசந்தா எடுத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். கீறலை அப்படியே விட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கருப்பட்டிக்கு நெற்றியில் சந்தனம்.

ஓட்டக் கற்றுக்கொண்டு ரொம்ப வருஷம் ஆகிறதாம், சொந்தமாக வண்டிதான் இல்லை. "அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார், அடுத்த வருஷம் கார் வாங்கிடலாம்னு. என் படிப்பு, தம்பி படிப்பு, அப்புறம் அம்மா உடம்பு. கடைசிவரைக்கும் பஸ்தான்."

சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சற்று நின்றார். தாஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார், நான் கையைக் காட்டினேன். உள்ளே உட்கார்ந்த வயசானவரின் வேஷ்டி மாட்டிக்கொள்ளாமல் பார்த்து மூடுவதுபோல மெதுவாகக் கதவை மூடினார். இந்தப் பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தார். காலி சீட்டைப் பார்த்து, "போலாமாப்பா?" என்றார்.